மேற்கு வராந்தாவின் வளைவுகள்

கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன அன்றைக்கு நான் அழுதேன். பிறந்த வீட்டைப் பிரிந்த அழுகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்கு எது முகம், எது முதுகு என்றே எனக்குப் புரியவில்லை. எங்கே போய் முக்காட்டை இறக்கிவிட்டு உட்காருவது என்று தெரியாமல்தான் அழுதேன்.

நான் பழவேற்காட்டுக்காரி. எங்கள் தெருவில் வீடுகளெல்லாம் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளே முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும். ஆண்கள் வந்துபோக ஒரு வாசல். பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகப் பின்னால் ஒரு சந்து. வானம் பார்க்க ஆசை வந்தால் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். இந்த வீட்டில் முற்றமே கிடையாது. வானமெல்லாம் வெளியே, நாலு பக்கமும் கிடந்தது.

கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, ரயில் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் இருந்தது அது. ஊரார் அதைத் 'தொர பங்களா' என்பார்கள். எந்தத் துரை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. உப்பளம் பார்க்க வந்தவன் என்பார் ஒருவர். கால்வாய் வெட்ட வந்தவன் என்பார் இன்னொருவர். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய சமயத்தில் கடைசியாக அதை வைத்திருந்தவர் என் மாமனாரிடம் விற்றுவிட்டுப் போனார். மாமாவுக்குச் சவுக்குக் கட்டை வியாபாரம். வெட்டி, அடுக்கி, ரயிலில் பட்டணத்துக்கு அனுப்புவார். கட்டை அடுக்க இடம், மாட்டு வண்டிகள் நிற்க இடம், பக்கத்திலேயே ரயில் என்றுதான் வாங்கினார். வீடு அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை, மேற்கு வராந்தாவின் வளைவுகளைச் செங்கல் வைத்து மூடியது. அந்தப் பக்கம்தான் ரோடு. "நம்மூட்டுப் பொம்பளைங்க இன்னா டேசன்லயா குந்திக்கினு இருக்காங்க, போறவன் வர்றவன்லாம் பாத்துட்டுப் போக?" என்றாராம். அப்போது மாமியார் உயிரோடு இருந்தார். நான் போவதற்கு முந்தின வருஷம் தவறிவிட்டார். ஆக, நான் போனபோது அந்த வீட்டில் இருந்தது இரண்டு ஆண்கள், மாமாவும் அவருடைய ஒரே பிள்ளையான என் வீட்டுக்காரரும்.

என் வீட்டுக்காரருக்கு அந்த வீட்டின்மேல் ஒரு பைத்தியம். பட்டணத்தில் ஒரு வருஷம் காலேஜ் போனார், படிப்பு ஏறவில்லை. ஆனால் அங்கே பெரிய பெரிய கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்ததில், நாம் இருக்கும் வீடு சாமானியம் இல்லை என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார். புதுப் பெண்டாட்டியை மற்றவர்கள் சினிமாவுக்குக் கூட்டிப் போவார்கள். இவர் என்னை அறை அறையாகக் கூட்டிப் போனார்.

"இங்க நில்லு. இங்கேர்ந்து பாரு" என்று கிழக்கு வராந்தாவில் என்னை நிறுத்தினார். கதவுக்கு நேரே கதவு, அதற்கு நேரே இன்னொரு கதவு. கிழக்கே நின்றால் நடு ஹாலைத் தாண்டி மேற்குக் கோடிவரை கண் போயிற்று. கண் போகிற வழியில்தான் காற்றும் போகவேண்டுமாம். அதற்காகத்தான் அறைக்கு நாலு சுவரிலும் கதவு வைத்திருக்கிறார்களாம். உள்ளுக்குள் நடை என்று ஒன்று தனியாகக் கிடையாது. ஓர் அறையிலிருந்து தள்ளியிருக்கும் இன்னோர் அறைக்குப் போகவேண்டுமானால் நடு ஹால் வழியாகப் போகவேண்டும், இல்லாவிட்டால் வராந்தாவில் சுற்றிக்கொண்டு போகவேண்டும். சமையலறை வீட்டோடு சேரவே இல்லை; புகையும் ஆளும் ஆகாது என்று தோட்டத்துப் பக்கம் தள்ளிக் கட்டி, நடுவே ஓடு போட்ட ஒரு வழி விட்டிருந்தான் துரை. குளிக்கும் அறைக்கு வெளியிலிருந்து ஒரு குட்டிக் கதவு. தண்ணீர் ஊற்றுகிறவனும் துப்புரவு செய்கிறவனும் வீட்டுக்குள் கால் வைக்காமல் அந்த வழியாக வந்து அந்த வழியாகவே போகவேண்டும்.

"நல்ல மனுசன்தான் உங்க தொரை" என்றேன்.

"மனுசன் எப்டியோ, ஊடு நல்லாக் கட்டிக்கிறான்" என்றார் சிரித்துக்கொண்டு.

தூண்களைத் தடவிப் பார்க்கச் சொன்னார். எங்கள் பழவேற்காட்டு ஏரிச் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு, வழவழவென்று குளிர்ந்து இருந்தது. பிறகு ஏணி போட்டு என்னை ஹாலின் ஒரு மூலையில் ஏற்றி, உயரத்தில் சுவரில் சாய்வாக ஓடிய ஒரு தழும்பைக் காட்டினார். "இது மொதல்ல கூர ஊடு, புள்ள. இந்தச் சாய்வுலதான் கூர நின்னுச்சி. நம்ம ஜனங்க கூரையப் பாத்துட்டு, அத்தப் பெருசாக் கட்டி, சுத்தி வராந்தா வுட்டு, பங்களான்னு பேரு வெச்சிக்கினான். தேக்கு உத்தரத்து மேல தளம் போட்டு மெத்த ஊடாக் கட்டினது அப்புறம்." மாமியார் இல்லாத வீட்டில், கல்யாணமான முதல் வாரம், ஏணி உச்சியில் நான் முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறேன். யாராவது பார்த்திருந்தால் மானம் போயிருக்கும்.

அவருக்கு ஒரே ஒரு குறை. மேற்கே வளைவுகளை மூடிவிட்டதால் கிழக்கிலிருந்து வரும் கடல்காற்று வீட்டுக்குள் நுழைந்து போக வழியில்லாமல் நின்றுவிடுகிறதாம். சுவரில் ஓதம் ஏறுகிறதாம், கதவுச் சட்டங்களில் கரையான் வருகிறதாம். "ஊடு மூச்சு முட்டுது, வாப்பா" என்றார் ஒருநாள். மாமாவுக்குப் புரியவில்லை. "ஊட்டுக்கு இன்னாடா மூச்சு? மனுசனுக்குத்தான் மூச்சு" என்றார்.

பேச்சு அன்றோடு நிற்கவில்லை. திறக்கப்போகிறேன் என்று பிள்ளையும், கூடாது என்று தகப்பனும் தடித்துக்கொண்டார்கள். கடைசியில் மாமா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உனக்குச் சம்மதமா?" என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு ரோடும் பயம், ஆட்களும் பயம். தலையைக் குனிந்துகொண்டு, இல்லை என்று ஆட்டினேன்.

"பாத்தியாடா? உம் பொண்டாட்டிக்கே புடிக்கல" என்றார் மாமா.

அப்போது என் வீட்டுக்காரர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த வாரம் மாமா வியாபார விஷயமாக ஊத்துக்கோட்டைப் பக்கம் போயிருந்தபோது இவர் கொத்தனாரைக் கூட்டிவந்து எல்லா வளைவுகளையும் திறந்துவிட்டார். திறந்த இடத்திலெல்லாம் பச்சை வர்ணம் அடித்த மூங்கில் தட்டிகளைச் சுருட்டித் தொங்கவிட்டார். மாமா திரும்பி வந்தார், படியிலேயே நின்று பார்த்தார், உள்ளே போனார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒரே ஹாலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள். "அவன்கிட்ட சொல்லும்மா, டேசன்ல வேகன் கெடைக்கலன்னு." "வாப்பாகிட்ட சொல்லு, நாளைக்கு நானே போயிப் பாத்துக்கறேன்னு." நான் நடுவில் நின்றுகொண்டு, காதில் விழுந்ததையே மறுபடி சொல்லவேண்டும். பேஜாரான பிழைப்பு. ஆந்திரா தனியாகப் பிரிந்த சமயம் அது. "ராச்சியம் பிரிஞ்சா மாதிரி நம்ம ஊடும் பிரிஞ்சிடுச்சி" என்பார் என் வீட்டுக்காரர், சிரிப்பாகச் சொல்வதுபோல.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த வளைவுகள் எனக்குப் பிடித்துப் போயின. தட்டியை இறக்கிவிட்டால் உள்ளே இருப்பவளுக்கு ரோடு தெரியும், ரோட்டில் இருப்பவனுக்கு உள்ளே தெரியாது. அதை யோசித்துத்தான் அவர் அந்த அளவுக்கு நெருக்கமாகப் பின்னச் சொல்லியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. மத்தியான வேலை முடிந்ததும் அங்கே போய் உட்காருவேன். கிழக்கேயிருந்து காற்று கதவு கதவாகக் கடந்து வந்து முதுகில் படும். ரயில் போவதைப் பார்ப்பேன். சந்தைக்குப் போகிற பெண்களின் சேலையைப் பார்ப்பேன். என் வயதுக்கு அப்படி ஓர் இடம் எனக்கு வாய்த்ததே இல்லை. ஆனால் பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை அவரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. அவர் கேட்டால்கூட, "என்னமோ இருக்கு, தூசிதான் ஜாஸ்தி" என்பேன். அன்றைக்கு மாட்டேன் என்று தலையை ஆட்டியவள் இன்றைக்கு எப்படி ஆமாம் என்பது? பிடித்த முயலுக்கு மூணே கால் என்று நிற்கிற புத்தி எனக்கு. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அடுத்த கோடையில் அவருக்குச் சுரம் வந்தது. பொன்னேரி டாக்டர் கைவிரித்துவிட்டார். மாமாதான் ரயிலில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கடைசிவரை அவர்தான் பக்கத்தில் இருந்தார். ரயில் ஏறும்போதே என் வீட்டுக்காரருக்கு ஜன்னி கண்டு பேச்சு நின்றுவிட்டது. உயிரில்லாமல்தான் திரும்பி வந்தார்.

எங்களில் கணவனை இழந்தவள் நாலு மாசமும் பத்து நாளும் இத்தா இருக்கவேண்டும். வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. தகப்பன், உடன்பிறந்தவன், மாமனார் பார்க்கலாம். மற்றவர்கள் குரல்கூட எட்டத்தில்தான். இருக்க வேண்டிய இடம் கணவன் வீடு.

எனக்குத் துணையாகப் பழவேற்காட்டிலிருந்து மாமாவின் தங்கை வந்தார். நான் மாமி என்று கூப்பிடுவேன். வந்து நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இதுல எங்கேன்னு குந்த வெக்கறது இவள? சத்திரமாட்டம் நாலு பக்கமும் தொறந்துக்கினு கெடக்குது."

அவர் சொன்னதில் தப்பில்லை. பழவேற்காட்டு வீட்டில் ஓர் அறைக் கதவைச் சாத்தினால் தீர்ந்தது. இங்கே எங்கள் அறை வடமேற்கு மூலையில். குளிக்கும் அறை தென்மேற்கில். நடுவே உள்ளே போனால் ஹால். அங்கேதான் மாமாவைப் பார்க்க வண்டிக்காரர்களும் கட்டை வாங்குகிறவர்களும் காலையிலிருந்து வந்துகொண்டிருப்பார்கள். வெளியே போனால் மேற்கு வராந்தா. முழுக்க ரோட்டைப் பார்த்தது. தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யக்கூட நான் யார் கண்ணிலாவது படாமல் போக வழியில்லை.

"பழவேற்காட்டுக்குப் போயிடேம்மா. அங்க உனக்கு வசதி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் மாமா.

"மாட்டேன். அவரு ஊட்லதான் இருப்பேன்" என்றேன்.

எனக்குக் குழந்தை இல்லை. இத்தா முடிந்த அன்றைக்கே கூட்டிப்போக வருவதாக என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், சொல்லி அனுப்பியிருந்தார். இருபது வயதுப் பெண்ணை அப்படியே விட்டுவிட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். அந்த வீட்டில், அவர் படுத்த அறையில், எனக்கு மிச்சம் இருந்தது அந்த நாலு மாசம்தான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

முதலில் தட்டிகளை இறக்கி, உள்பக்கம் போர்வைகளைக் கட்டினார்கள். கோடைக்காற்று அந்த வராந்தாவில் சும்மாவா வரும்? முதல் வெள்ளிக்கிழமையே துக்கம் கேட்க ஆட்கள் வாசலில் நின்றிருந்தபோது, ஒளு செய்துவிட்டு நான் அறைக்குத் திரும்பிக்கொண்டிருக்கையில், காற்று தட்டியையும் போர்வையையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. மாமி தன் மேல்துப்பட்டியை உருவி என்மேல் எறிந்து, என்னைக் கோழியை அமுக்குவதுபோல அமுக்கி உட்காரவைத்தார்.

"ஸ்டோர் ரூம்புக்குப் போயிடு. அதுக்கு ஒரே கதவு. அங்கியே ஒரு தொட்டி வெச்சிடலாம்" என்றார் மாமி அன்று.

சமையலறைப் பக்கத்திலிருந்த ஸ்டோர் ரூம் அது. அரிசி மூட்டையும் புளிப்பானையும் வைக்கிற இடம். நான் முடியாது என்றேன். அவருடைய அறையை விட்டு அசையமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாமா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி. அப்ப மூடிடலாம்" என்றார்.

அப்போதுதான் என் பிடிவாதம் எங்கே கொண்டுவந்து விட்டது என்று புரிந்தது. அவர் வீட்டில் இருக்கவேண்டும் என்றேன். அதற்கு, அவர் அந்த வீட்டில் செய்த ஒரே காரியத்தை அழிக்கவேண்டும். ஸ்டோர் ரூமுக்குப் போகிறேன் என்று அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே தெரியவில்லை. இவர் இதற்காகத்தான் காத்திருந்தார் என்று என் புத்திக்குத் தோன்றிவிட்டது. ஆத்திரத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

திறந்த அதே கொத்தனார்தான் மூட வந்தார். வேறு யாரும் கிடைக்கவில்லையா என்று நான் அறைக்குள் பல்லைக் கடித்தேன். கரண்டி செங்கல்லில் படும் ஓசை ஒவ்வொரு வளைவாக நகர்ந்து வந்தது. எங்கள் அறைக்கு நேரே வந்தபோது அறை இருண்டது. வேலை முடிந்ததும் உள்பக்கம் வெள்ளையடித்தார்கள். மேலே கைநுழையும் அளவு சின்னச் சின்ன இடைவெளி விட்டிருந்தார்கள், வெளிச்சத்துக்கு. இனி நான் ராணி மாதிரி அறைக்கும் குளிக்கும் அறைக்கும் நடக்கலாம்.

அன்று சாயங்காலம் மாமா என்னைப் பார்க்க வந்தார். கையில் இலையில் கட்டிய நுங்கு. "இப்ப பரவால்லியாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

எனக்கு எங்கிருந்து அப்படி வந்தது என்று தெரியவில்லை. "அவரு உசிரோட இருந்தப்ப உங்களால மூட முடியல. மண்ணுக்குள்ள போனதும் மூடிட்டீங்க. இப்ப மனசு குளுந்துச்சா மாமா?" என்றேன்.

மாமி, "அடிப்பாவி" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மாமா நுங்கைத் தரையில் வைத்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு போய்விட்டார். பிள்ளையைப் பறிகொடுத்து ஒரு மாசம்கூட ஆகாத மனுஷன்.

"நெல்லக் கொட்னா அள்ளிடலாம், சொல்லக் கொட்னா அள்ள முடியுமாடி?" என்றார் மாமி. நான் அவரையும் நாலு வார்த்தை சொன்னேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அது கோபம்கூட இல்லை. அன்று தலையை ஆட்டியவள் நான். மாட்டேன் என்று அடம்பிடித்து இன்று செங்கல் வைக்கச் செய்தவளும் நான். பழியைத் தூக்கி வைக்க ஒரு தலை வேண்டியிருந்தது. கிடைத்தது அந்த மனுஷரின் தலை.

மறுநாள் மாமா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, வாசலருகே நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஒரு நாள் விடாமல் வந்தார். ஒரு நாளாவது முகம் கோணியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கத்திரி வெயில் வந்தது. அந்த வீடு எப்படிப்பட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கிழக்கிலிருந்து காற்று வருவது கேட்கும். ஹாலின் கதவுகள் லேசாக ஆடும். அதோடு சரி, என் அறைவரை வராது. துணி காயாமல் நாறியது. சுவரோரத்தில் பூஞ்சை பிடித்தது. மூச்சு முட்டுகிறது என்று அவர் சொன்னபோது நானும் மாமாவோடு சேர்ந்து மனசுக்குள் சிரித்திருந்தேன். இப்போது பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தேன். ஹாலில் மாமாவுக்கும் அதே கதிதான். வியாபாரம் பேச வந்தவர்கள், "பாய், வெளிய குந்திப் பேசலாமே" என்பது என் காதில் விழும். "பரவால்ல, இங்கியே பேசு" என்பார். கிழக்கு வராந்தாவில் காற்று அள்ளிக்கொண்டு போகும். அங்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவர் ஹாலை விட்டு அசையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, அப்படியே எழுந்து என்னைப் பார்க்க வருவார்.

மாப்பு கேட்டுவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். அவர் செருப்புச் சத்தம் கேட்கும்போது வார்த்தையைத் தயாராக வைத்திருப்பேன். "சாப்ட்டியாம்மா?" என்பார். "சாப்ட்டேன்" என்பேன். அதற்கு மேல் நாக்கு எழும்பாது. என் தகப்பனுக்கு இப்படி ஒருத்தி சொல்லியிருந்தால் அவள் சங்கைக் கடித்திருப்பேன். அதை நினைத்து நினைத்து, துக்கம் போய் வெட்கம்தான் மிச்சமாயிற்று. வீட்டுக்காரருக்காக அழ உட்கார்ந்தால் மாமாவின் முகம் வந்து நிற்கும். இத்தா இருந்தது புருஷனுக்காகவா, இந்தக் குற்ற உணர்ச்சிக்காகவா என்று எனக்கே குழப்பம் வந்தது.

ஆவணியில் இத்தா முடிந்தது. குளித்து, வேறு சேலை கட்டி, துஆ ஓதியாயிற்று. சாயங்கால ரயிலில் என் காக்கா வருவதாக ஏற்பாடு. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் என்னவோ தொப்பென்று விழும் சத்தம். பிறகு இன்னொன்று.

எட்டிப் பார்த்தேன். மாமா. பனியனும் கைலியுமாக, நாற்காலியில் ஏறி நின்று, எங்கள் அறைக்கு நேரே இருந்த வளைவில் மேல்வரிசைச் செங்கல்லை உருவிக்கொண்டிருந்தார். கடப்பாரை இல்லை, சுத்தியல் இல்லை. கொத்தனாரையும் கூப்பிடவில்லை. வெறும் கையால் அசைத்து அசைத்து எடுக்கிறார். செங்கல் ரொட்டியைப் பிட்டதுபோலக் கழன்று வருகிறது. விழுந்த ஒரு செங்கல்லைக் கையில் எடுத்தேன். சுண்ணாம்புச் சாந்து ஒட்டியிருக்கவில்லை. தொட்டால் உதிரும் வெறும் களிமண். மண்ணில் வைத்து அடுக்கி, வெளியே தெரியாமலிருக்க மேலே வெள்ளையடித்திருக்கிறார்கள். கொத்தனாரிடம் அவர் அப்படித்தான் சொல்லி வைக்கச் செய்திருக்கிறார், முதல் நாளே.

"அவன் வெச்சிருந்த மாதிரி ஒரு தடவ பாத்துட்டுப் போம்மா" என்றார், திரும்பாமல்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமா. எடுக்கறதுக்குத்தான் வெக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அப்டிப் பேசியிருப்பேனா?"

"பேசியிருக்க மாட்ட" என்றார். "அதான் சொல்லல."

எனக்கு விளங்கவில்லை. அவர் நாற்காலியிலிருந்து இறங்கி, கைலியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வந்தவங்கள்லாம் ஆறுதல் சொல்லிட்டுப் போனாங்கம்மா. நல்ல பையன், அல்லா எடுத்துக்கினான், இன்னா பண்றது, மனசத் தேத்திக்குங்க. இதேதான். ஒரு வருசமா பெத்த புள்ளகிட்ட பேசாம இருந்தியேடான்னு ஒருத்தரும் கேக்கல. நீ ஒருத்திதான் மூஞ்சிக்கு நேரா கேட்ட. நெசத்தச் சொல்லியிருந்தா நீயும் அவங்களாட்டம் ஆறுதல்தான் சொல்லியிருப்ப."

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். நாலு மாசமாக நாக்கில் ஒட்டியிருந்தது எல்லாம் ஒரேயடியாக வந்தது. என்னை மாப்பு பண்ணிடுங்க மாமா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் குனிந்து, மண் ஒட்டிய கையை என் தலையில் வைத்தார்.

"மாப்பு, மாப்பு. எழுந்திரு. நீ எங்கிட்ட கேட்டுட்ட, நானும் குடுத்துட்டேன். நான் யார்கிட்டம்மா போயிக் கேக்கறது?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போய்விட்டார்.